றாலில் மஞ்சளை அள்ளிப் போட்டால் அலர்ஜி போகுமா?

றால் சாப்பிட்டு உடம்பில் தடிப்பு வந்தவருக்கு மட்டக்களப்பில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். அதிகம் கேட்பது, "நல்லா மஞ்சள் போட்டு அவிச்சா ஒண்டும் செய்யாது" என்பது. தவறுகளில் ஆபத்தானது இதுதான். றாலிலும் நண்டிலும் ஒவ்வாமையைக் கிளப்புவது முக்கியமாக ட்ரோபோமயோசின் என்ற புரதம். அவித்தாலும் பொரித்தாலும் அது போகாது. மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வுகூடத்தில் ஒவ்வாமைக் கலங்களை அடக்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் நம் குடல் அதை மிகக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். கறிக்குப் போடுகிற மஞ்சளை நம்பி அலர்ஜிக்காரருக்கு றாலைப் பரிமாறவே கூடாது. வாவி றால் செய்யாது, கடல் றால்தான் செய்யும் என்பதும் பிழை. இரண்டிலும் இருப்பது அதே புரதம்தான்.

இதில் பலர் கோட்டை விடுவது கூனியில். சம்பலில் இடித்துப் போட்டால் கண்ணுக்கே தெரியாது, ஆனால் காய்ந்து தூளானாலும் அது றால் இனம்தான். விருந்துக்குப் போனால் "றால் போட்டதா?" என்பதோடு நிறுத்தாமல், கூனி சேர்த்ததா என்றும் கேளுங்கள்.

அப்புறம் தயிர். பால் குடித்தால் வயிறு ஊதுகிறவருக்கு நம்மூர் எருமைத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் உறையும்போது பாலின் சர்க்கரையான லக்டோஸில் ஒரு பகுதியை பக்டீரியா தின்றுவிடும். பால் புரதமே ஒவ்வாத பிள்ளையின் கதை வேறு. கேசீன் என்ற பால் புரதம் தயிரிலும் இருக்கிறது. பசு, எருமை, ஆடு மூன்றின் பால் புரதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குடலுக்கு நல்லது என்று ஒரு கரண்டி ஊட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

கிரந்தி, அதாவது தோலில் சொறி கிளப்பும் சாப்பாடு என்று சொல்லி கத்தரிக்காய், முட்டை, மீன், கச்சான் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. பிள்ளை மெலிந்துபோகும், குடலும் பட்டினி கிடக்கும். குரக்கன், கீரை, பயறு, பழஞ்சோறு இவற்றில் செரிக்காமல் மிஞ்சுவதைக் குடல் பக்டீரியா பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலமாக மாற்றும். குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு அதுதான் சாப்பாடு. தினமும் சாப்பிடுங்கள். ஆனால் இருக்கிற அலர்ஜியை அது தீர்த்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கச்சானைப் பிந்திக் கொடுப்பதுதான் பாதுகாப்பு என்று முன்பு வைத்தியர்களே சொன்னார்கள். 2015இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு அதை மாற்றிவிட்டது. கடும் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை எடுத்து, ஒரு பகுதியினருக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் கச்சான் உணவைத் தொடங்கினார்கள். 5 வயதில் பார்த்தபோது, கச்சானே கொடுக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அவர்களிடம் கச்சான் ஒவ்வாமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும், அதனால் நன்றாக அரைத்துக் கூழில் கலக்க வேண்டும். கரப்பன் கடுமையாக உள்ள பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்டுத்தான் தொடங்கலாம். ஏற்கனவே அலர்ஜி வந்தவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குவதும் வைத்தியர் கண்காணிப்பில் நடக்க வேண்டியது, வீட்டில் அல்ல.

உதடு வீங்கி, குரல் அடைத்து, மூச்சு இழுத்தால் பிரிற்றோன் என்ற அலர்ஜிக் குளிசையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது தொடையில் ஏற்றும் அட்ரினலின் ஊசிதான். மயக்கம் வந்தால் எழுப்பி நடக்க விடாமல் படுக்க வைத்து, மூச்சு முட்டினால் சாய்ந்து உட்கார வைத்து, உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.