போர் நடந்த தோட்ட நிலத்தைக் காக்கப் புறப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரில், 1942 ஜனவரி 7 விடியற்காலை, மலாயாவின் பேராக் மாநிலத்தில் துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போன சாலையில் ஜப்பானிய டாங்கிகள் பாய்ந்து வந்தன. ஒரே காலைப்பொழுதில், பிரிட்டிஷ் தரப்பில் நின்ற 11-ஆவது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேடுகள் சிதறிப்போயின. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது. நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டிய நிலம் அது. அதைக் காக்க வேண்டும் என்று ஊரில் நாலு பேர் கூடினாலே எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆரம்பத்திலேயே செய்யும் சில தவறுகளால் அந்த முயற்சி வீணாகிவிடக்கூடாது.

பெரிய தவறு, ஒரு கல்லை நட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது. சிலிம் ரிவரில் என்ன நடந்தது என்று பாருங்கள். போருக்கு முன்பு சாலையை நேராக்கியபோது, பழைய வளைவுகளைத் தோட்டத்துக்குள் அப்படியே விட்டுவிட்டார்கள். தடுப்பைத் தாண்ட முடியாமல் நின்ற டாங்கிகள் அந்தக் கைவிட்ட வளைவுகளுக்குள் புகுந்து, காவல் நின்ற படையின் பக்கவாட்டிலிருந்து வெளியே வந்தன. அந்த வளைவுகளைப் பார்க்காமல் இந்தப் போர் யாருக்கும் புரியாது. அதே மாநிலத்துக் கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நடந்த சண்டையும் அப்படித்தான். அங்கே எல்லாமே மேடுகள்தான். மேட்டில் இருந்தவனுக்குக் கீழே என்ன தெரிந்தது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. மேட்டை வெட்டி வீடு கட்டிவிட்டு ஓரமாக ஒரு கல்வெட்டு வைத்தால் அது எதை விளக்கும்? அதனால் முதலில் வரைபடம் போடுங்கள். பழைய சாலை, பாலம், ஓடை, மேடு, அகழி, லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். அப்புறம் கல்லைப் பற்றிப் பேசலாம்.

அடுத்தது, கெரானை (நிலப் பட்டாவை) பார்க்காமலே மனு எழுதுவது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, எதற்கான நிலம் என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் முதலில் தேடிப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்கீழ் ஓர் இடத்தைப் பாரம்பரியத் தளமாக அறிவிக்க முடியும். ஆனால் நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ள விஷயம். கோலாலம்பூருக்கு மட்டும் கடிதம் போட்டுவிட்டு, மாநிலத் தலைநகரான ஈப்போவை மறந்தால் வேலை நகராது. நில உரிமையாளரை எதிரியாக்கிக்கொள்வதும் வேண்டாம். மறுநடவின்போது ஒரு பழைய அகழியை மட்டும் விட்டு நடும்படி மேனேஜரிடம் நேரில் போய்க் கேட்டால் அவர் சம்மதிக்கவும் கூடும்.

தாமதமும் ஒரு தவறு. ரப்பர் இருந்த பல தோட்டங்களில் இப்போது நிற்கும் செம்பனையை (எண்ணெய்ப் பனையை) சுமார் 25 ஆண்டுக்கு ஒருமுறை அழித்து நடுவார்கள். அப்போது வரும் மண்வாரி இயந்திரம் ஒரே நாளில் அகழியைச் சமமாக்கிவிடும். தோட்டம் வீட்டு மனையாக மாறும் பேச்சும் ஓசையில்லாமல்தான் தொடங்கும். உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு விற்க மாநிலத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். இயந்திரம் வந்து நின்ற பிறகு பதாகை பிடிப்பதைவிட இந்த இரண்டு கட்டங்களிலும் விழிப்பாக இருப்பது மேல்.

ஆர்வத்தில் தோண்டாதீர்கள். உலோகம் தேடும் கருவியோடு போய்த் தோட்டா உறைகளைப் பொறுக்கினால், அது எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்ற சான்று போய்விடும். ஏதாவது கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, மாவட்ட அதிகாரியிடம் தெரிவியுங்கள். குண்டு போலத் தெரிந்தால் தொடவே வேண்டாம், உடனே போலீஸை அழையுங்கள். எலும்பு கண்டாலும் அப்படியே.

எனக்கு மிகவும் மனம் பொறுக்காத தவறு, யாரை நினைக்கிறோம் என்பதில் நடக்கிறது. ஸ்காட்லாந்துப் படையைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு, அதே சாலையில் நின்ற ஹைதராபாத், பஞ்சாப், கூர்க்கா படையினரை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தைப்பிங் போர்க் கல்லறையில் அடங்கியிருப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்னார் என்று தெரியாதவர்கள். லயத்தில் இருந்த குடும்பங்களோ கணக்கிலேயே வருவதில்லை. சண்டைக்குப் பிறகு பசி வந்தது, அதன்பின் ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடித்தார்கள். அந்தத் துயரமும் இதே நிலத்தில்தான் நடந்தது.

1942-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது 90 தாண்டிவிட்டது. கல்லுக்கு நிதி திரட்டும் முன்பே அவர்களைப் பதிவு செய்யுங்கள். "ஜப்பான்காரன் காலம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். எந்தப் பிரட்டுக் களம் (தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் இடம்), எந்த ஓடை, எந்தப் பக்கம் ஓடி ஒளிந்தீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் வண்டியில் அந்த இடத்துக்கே அழைத்துப் போங்கள். நேரில் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடம் கொடுங்கள். இன்னொன்றைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க முயலுங்கள்.