கேட்டவருக்கே போய்ச் சேராத பதில்

ஒரு வாடிக்கையாளர் மெயிலில் விலைப்பட்டியல் கேட்டிருந்தார். இரண்டு மணி நேரத்தில் அனுப்பிவிட்டேன். ஐந்து நாள் கழித்து போன் செய்து, “ஒரு பதில்கூடப் போட மாட்டீங்களா?” என்றார். ஸ்பேமில் பார்க்கச் சொன்னேன். அங்கேதான் கிடந்தது. கேட்டவருக்கு அனுப்பும் பதிலே இப்படிப் போனால், போன் செய்து கேட்காமல் விட்டவர்கள் எத்தனை பேரோ என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

‘இலவசம்’, ‘சலுகை’ மாதிரியான சொற்கள் இருந்தால்தான் மெயில் ஸ்பேமுக்குப் போகும் என்று அதுவரை நினைத்திருந்தேன். என் பதிலில் அப்படி எதுவும் இல்லை. பிரச்சினை எழுதியதில் இல்லை, அது கிளம்பிப் போன வழியில் இருந்தது.

முதலில் இதைச் செய்து பாருங்கள். உங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து அலுவலக முகவரிக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள். வாடிக்கையாளருக்கு எப்படிப் பதில் போடுவீர்களோ, அதே வழியில் அதற்குப் பதில் போடுங்கள். ஜிமெயிலை கம்ப்யூட்டரில் திறந்து, வந்த பதிலின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் ‘ஷோ ஒரிஜினல்’ என்று இருக்கும். அதில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளுக்கும் (இவை என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்) பாஸா ஃபெயிலா என்று போட்டிருக்கும். வாடிக்கையாளர் கேள்விகளைக் கவனிக்கும் ஹெல்ப்டெஸ்க் மென்பொருள், பில் அனுப்பும் மென்பொருள், போனில் உள்ள மெயில் ஆப் என்று உங்கள் பெயரில் மெயில் போகும் ஒவ்வொரு வழியையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். எங்களுக்கு நான்கு வழிகள் இருந்தன. இரண்டில் டிமார்க் ஃபெயில்.

டொமைன் என்பது மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர். டிஎன்எஸ் என்பது அந்தப் பெயர் பற்றிய விவரங்களை இணையத்தில் எழுதி வைக்கும் பதிவேடு. எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கும் பட்டியல். டிகிம் ஒவ்வொரு மெயிலிலும் போடப்படும் டிஜிட்டல் கையெழுத்து. இந்த இரண்டில் ஒன்றாவது, ‘ஃப்ரம்’ என்ற இடத்தில் தெரியும் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று சொல்வதும் அதுதான்.

என்னை ரொம்பக் குழப்பிய இடம், எஸ்பிஎஃப் பாஸ் என்று காட்டியும் டிமார்க் ஃபெயில் ஆனது. எஸ்பிஎஃப் பார்ப்பது ‘ஃப்ரம்’ முகவரியை அல்ல. மெயில் திரும்பி வந்தால் எங்கே அனுப்புவது என்று உள்ளே ஒரு முகவரி இருக்கும், அதைத்தான் பார்க்கும். புதிதாக வாங்கிய ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் அந்த இடத்தில் தன் டொமைனைப் போட்டிருந்தது. கையெழுத்தும் அதன் பெயரிலேயே. ஆக, பாஸ் ஆனது அவர்கள் டொமைன், எங்களுடையது அல்ல. எங்கள் டிமார்க்கிலோ ‘பொருந்தாததை ஸ்பேமில் போடு’ என்று ஒரு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தோம். எதிர்முனை சர்வர் நாங்கள் சொன்னபடியே செய்தது.

சரி செய்வது சுலபம். ஹெல்ப்டெஸ்க்கின் அமைப்புகளில் டொமைனைச் சரிபார்க்கும் பகுதி இருக்கும். அங்கே தரும் சில ரெக்கார்டுகளை (பதிவு வரிகளை) உங்கள் டிஎன்எஸ்ஸில் சேர்த்தால், அதன்பின் உங்கள் பெயரிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பும். பிறகு மறுபடியும் ‘ஷோ ஒரிஜினல்’ பாருங்கள். பாஸ் என்று கண்ணால் பார்க்கும் வரை வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

எஸ்பிஎஃப்பில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒரு டொமைனுக்கு ஒரே ரெக்கார்டுதான். புதிய சேவைக்கென்று இரண்டாவதாக ஒன்று சேர்த்தால் சோதனையே பிழையாகிவிடும். இருப்பதற்குள்ளேயே சேருங்கள். அப்புறம், அதைப் படிக்க டிஎன்எஸ்ஸில் தேடும் எண்ணிக்கை 10-ஐத் தாண்டக் கூடாது. விட்டுவிட்ட பழைய சேவைகளை எடுத்துவிடுங்கள்.

டிமார்க் இதுவரை வைக்கவில்லை என்றால், வெறுமனே கண்காணிக்கும் நிலையில் தொடங்கி, வரும் அறிக்கைகளைச் சில வாரம் பாருங்கள். நேரே ‘நிராகரி’ என்று வைத்தால், நீங்கள் மறந்துபோன ஒரு வழியில் போகும் பில்கள் யாருக்கும் சேராது.

இணையதள விசாரணைப் படிவத்தையும் பாருங்கள். பல படிவங்கள் வாடிக்கையாளரின் முகவரியையே ‘ஃப்ரம்’மில் போட்டு உங்களுக்கு அனுப்பும். யாகூ 2014-லேயே தன் டிமார்க்கில், பொருந்தாத மெயிலை ‘நிராகரி’ என்று வைத்துவிட்டது. எனவே யாகூ முகவரிக்காரர் கேட்ட கேள்வி உங்களுக்கே வராமல் போகலாம். ‘ஃப்ரம்’மில் உங்கள் முகவரி, ‘ரிப்ளை டு’வில் அவர் முகவரி என்று மாற்றுங்கள்.

இதெல்லாம் ஆனபிறகுதான் எழுதும் முறை. புது மெயிலாக அனுப்பாமல், அவர் மெயிலிலேயே ‘ரிப்ளை’ கொடுங்கள். கையொப்பத்தில் இருக்கும் படங்கள், சுருக்கிய லிங்குகளை எடுத்துவிடுங்கள். ஜிப் கோப்புக்குப் பதில் பிடிஎஃப் போதும்.

விளம்பர மெயில்களை வாடிக்கையாளருக்குப் பதில் எழுதும் முகவரியிலிருந்து அனுப்பவே அனுப்பாதீர்கள், அவற்றுக்குத் தனியாக ஒரு சப்டொமைன் (உங்கள் டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த துணைப்பெயர்) வையுங்கள். விளம்பரத்தைப் பார்த்து எரிச்சலில் ஒருவர் ‘ஸ்பேம்’ என்று அழுத்தினால், அது உங்கள் பதில்களையும் சேர்த்து இழுக்கும். புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது என்கிறது ஜிமெயில். ஆயிரம் பேரில் மூன்று பேர் அழுத்தினாலே எல்லை வந்துவிடும்.

இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை நான்கு வழிகளிலும் ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்க்கிறேன். பத்து நிமிட வேலை. போன மாதம் அப்படிப் பார்த்தபோதுதான், பில் மென்பொருளுக்காக யாரோ இரண்டாவது எஸ்பிஎஃப் ரெக்கார்டு சேர்த்திருந்தது தெரிந்தது. அன்று மதியத்துக்குள் ஒன்றாக்கிவிட்டோம்.