குறைந்த செலவில் வீட்டுக்கு அலாரம்: கடைக்குப் போகும் முன்பும் பின்பும்

எங்கள் வீட்டு அலாரம் முதல் வாரத்தில் பிடித்தது ஒரு பல்லியை. இரவு ஒன்றரை மணி. சைரன் அலறிய அலறலில் எதிர்வீட்டு மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் தடியுமாக ஓடி வந்துவிட்டார். ஹாலில் மாட்டியிருந்த சென்சாரின் லென்ஸ் மேல் பல்லி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி அடித்தது. மாமா கேட் வரை வந்து "பல்லியாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். மூன்றாம் முறை அவர் வீட்டில் விளக்குகூட எரியவில்லை.

எத்தனை சென்சார், எத்தனை வருஷம் வாரண்டி என்றெல்லாம் விசாரித்து வாங்கியவன், அடித்தால் யார் வருவார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை. அதனால் இந்த விளக்கத்தை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: சத்தம் யார் காதில் விழ வேண்டும்?

வீட்டில் எப்போதும் ஆள் உண்டு, பயமெல்லாம் ராத்திரிதான் என்றால் உள்ளே அலறும் சைரன் போதும். பெரிய செட்டே வேண்டாம். பேட்டரியும் சைரனும் உள்ளேயே வைத்த, கதவில் ஒட்டுகிற தனி அலாரம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். சுவரில் ஓட்டை போட வேண்டாம், காலி செய்யும்போது பிய்த்து எடுத்துக்கொண்டு போகலாம்.

வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் கதை வேறு. போனுக்கு அழைப்பு வரும் செட் வேண்டும். ஆனால் நீங்கள் பெங்களூரில் இருக்கும்போது போன் அடித்து என்ன பயன்? செட்டின் மூளையான பேனல் என்ற பெட்டியில் நாலைந்து நம்பர் பதியலாம். முதல் நம்பர் உங்களுடையது என்றால், இரண்டாவது நடந்து வரும் தூரத்தில் இருப்பவருடையதாக இருக்கட்டும். அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உள்ளே நுழைய வேண்டாம், வெளியிலிருந்து பார்த்துவிட்டு 100-க்கு அடித்தால் போதும் என்றும் சொல்லுங்கள். ஊருக்குப் போகும் முன் அந்தப் பகுதி காவல் நிலையத்தில் தகவல் கொடுத்துவிட்டால் ரோந்து வரும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். அதற்குக் காசு கிடையாது.

படி 2: ஒருமுறை திருடனாக நடந்து பாருங்கள்

இருட்டின பிறகு போன் டார்ச்சோடு வீட்டை வெளியிலிருந்து ஒரு சுற்று வாருங்கள். எங்கே நின்றால் தெருவிலிருந்து தெரியாதோ, அந்த இடத்துக் கதவுக்குத்தான் முதல் சென்சார். எங்கள் வீட்டில் அது கொல்லைக் கதவு. அடுத்தது மொட்டை மாடிக் கதவு. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு எட்டில் தாண்டி வந்துவிடலாம், கதவோ மெல்லிய பலகை. வாசல் கதவு மூன்றாவதுதான். கம்பி போட்ட ஜன்னல்களை விட்டுவிட்டேன். இந்த மூன்று கதவைத் தாண்டி யார் எந்த அறைக்குப் போனாலும் ஹாலைக் கடந்தாக வேண்டும், அங்கே ஒரு அசைவு சென்சார். ஆக நான்கு. எட்டு சென்சார் கொண்ட செட்டைக் கடையில் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

சுற்றும்போதே தாழ்ப்பாள்களையும் ஆட்டிப் பாருங்கள். எங்கள் கொல்லைக் கதவின் நாதாங்கி இரண்டு சின்ன ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆசாரியை வைத்து அதை மாற்றிய பிறகுதான் அலாரத்துக்குப் பணம் எடுத்தேன்.

"கேமரா போட்டுவிடலாமே?" என்று எல்லோரும் கேட்பார்கள். யார் வந்தான் என்பதைக் கேமரா பிறகு காட்டும், வந்தவனை அப்போதே பதற வைப்பது சைரன். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சைரன் என்பது என் கட்சி.

படி 3: கடையில் கேட்க வேண்டியவை

போன் அழைப்பு சிம் வழியாகவா, வைஃபை வழியாகவா? மலிவான சிம் பேனல்களில் பல இன்னும் 2ஜியில்தான் ஓடுகின்றன. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. இது தெரியாமல் வீட்டில் சும்மா கிடந்த ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு, பேனல் விளக்கு மினுக்குவதை அரைநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். 2ஜி பேனல் என்றால் ஏர்டெல், பிஎஸ்என்எல் போல 2ஜி உள்ள சிம் வேண்டும். முடிந்தால் 4ஜி பேனலாகவே கேளுங்கள். சிம்மில் வெளி அழைப்பு போகிற அளவுக்கு ரீசார்ஜ் எப்போதும் இருக்க வேண்டும். இந்தச் செலவைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், நீங்களே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைஃபை பேனலுக்கு ரீசார்ஜ் தொல்லை இல்லை. ஆனால் ரவுட்டர் அணைந்தால் அதுவும் ஊமை. மலிவான பேனல்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பதும் நினைவிருக்கட்டும். இன்வெர்ட்டர் லைனில் ரவுட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு மின்சாரம் போனால் மதியம் தாண்டித்தான் வரும். அத்தனை நேரம் பேனலுக்குள் இருக்கும் பேட்டரி தாங்குமா என்று கேளுங்கள். வாயால் பதில் சொன்னால் ஏற்க வேண்டாம், கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி சைரனை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சிம், வைஃபை இரண்டும் உள்ள பேனல் கொஞ்சம் விலை கூடுதலானாலும் நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

அடுத்து, சென்சாரின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது டிரிபிள் ஏ செல் என்றால் தெருமுனைக் கடையிலேயே மாற்று கிடைக்கும். விரல்நுனி அளவே உள்ள 12 வோல்ட் செல் என்றால் தேடித் திரிய வேண்டிவரும். அந்த செட்டுக்குச் சென்சார் தனியாகவும் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை: பேனல், சைரன், மூன்று கதவு சென்சார், ஒரு அசைவு சென்சார் எல்லாம் சேர்ந்து எனக்கு 7,000 ரூபாய்க்குள் முடிந்தது.

படி 4: மாட்டுவது

முதலில் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, பேனலோடு இணைத்து, ஒவ்வொன்றாக அடிக்கவைத்துப் பாருங்கள். அப்போதே ரகசிய எண்ணையும் மாற்றிவிடுங்கள். 1234 என்று வந்ததை அப்படியே விட்டு வைக்கிற வீடுகள் ஏராளம்.

கதவு சென்சார் இரண்டு துண்டு. செல் போடும் பெரிய துண்டை நிலையில் வையுங்கள், காந்தத் துண்டைக் கதவில் வையுங்கள், கீலுக்கு எதிர்ப்பக்க மேல் மூலையில். காந்தம் விலகினால் உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்ச் விடுபட்டு அலாரம் அடிக்கும். மூடியிருக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விடாதீர்கள். இரட்டைக் கதவு என்றால் முதலில் திறக்கும் கதவில்தான் காந்தம். இரும்புக் கதவில் நேரடியாக ஒட்டினால் காந்தத்தின் சக்தியை இரும்பு தின்றுவிடும், நடுவே ஒரு மரத்துண்டு கொடுங்கள். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி, சரியாக மூடாமல் நிற்கும். டபுள் டேப்பில் ஒட்டி ஒரு வாரம் பார்த்த பிறகே ஸ்க்ரூ போடுங்கள்.

இனி பல்லி விவகாரம். அசைவு சென்சார் உடம்புச் சூட்டின் நகர்வைப் பார்க்கிறது. லென்ஸ் மேலேயே ஊர்ந்தால் சின்னப் பல்லியும் அதற்குப் பெரிய ஆளாகிவிடும். நான் மாட்டியிருந்தது டியூப்லைட்டுக்குப் பக்கத்தில். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், ஒன்றரை மணிக்கு மாமா வருவார். எதிர் மூலைக்கு மாற்றினேன், பின்பக்கத் துளைகளையும் அடைத்தேன், தொல்லை நின்றது. உயரம் ஏழடி. வெயில் விழும் ஜன்னலையும் ஏசியையும் பார்த்து வைக்காதீர்கள். தன்னை நோக்கி நேராக வருபவனைவிடக் குறுக்கே நடப்பவனை இது சீக்கிரம் பிடிக்கும், ஆகவே ஆள் குறுக்கே கடக்கும்படி மூலையைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று: சித்திரை வெயிலில் அறைச் சூடு உடம்புச் சூட்டை நெருங்கும்போது சென்சாருக்கு ஆளைப் பிரித்துப் பார்ப்பது கடினம். நடந்து பார்க்கும் சோதனையைக் காலையில் ஒருமுறையும் உச்சிவெயிலில் ஒருமுறையும் செய்யுங்கள்.

சைரனைக் கை எட்டாத உயரத்தில், வீட்டுக்குள்ளேயே, தெருப்பக்க ஜன்னல் அருகே வைத்தேன். அக்கம்பக்கத்துக்குக் கேட்க வேண்டும், ஆனால் வந்தவன் பிடுங்கிவிடக் கூடாது.

படி 5: அமைப்புகள், பிறகு ஒரு மாதம்

வாசல் கதவுக்கு 30 விநாடி அவகாசம் வையுங்கள், நீங்கள் உள்ளே வந்து அணைக்க. கொல்லைக் கதவுக்கும் மாடிக் கதவுக்கும் அவகாசமே வேண்டாம். இரவு தூங்கும்போது கதவுகள் மட்டும் விழித்திருக்கும் ஹோம் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் பாத்ரூமுக்கு எழுந்திருக்கும் பாட்டியைத் திருடன் என்று சொல்லிவிடும்.

மலிவு செட்டுகளில் பெரும்பாலும் சென்சார் பேசும், பேனல் கேட்கும், அவ்வளவுதான். செல் தீர்ந்து சென்சார் செத்துப்போனால் பேனலுக்குத் தெரியாது, எல்லாம் சரி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவாகத் திறந்து அடிக்கவைத்துப் பார்க்க வேண்டும். நான் முதல் ஞாயிறு காலை 11 மணிக்கு வைத்திருக்கிறேன். மாமாவிடம் போய்ச் சொன்னேன்: "மாமா, ஞாயித்துக்கிழமை பதினொண்ணுக்கு அடிச்சா நான்தான். வேற எப்ப அடிச்சாலும் பல்லி இல்ல."

"ஊருக்குப் போறப்ப சாவியையும் குடுத்துட்டுப் போ," என்றார். சாவி கொடுத்தேன், பேனல் அணைக்கும் ரிமோட் ஒன்றையும் சேர்த்து.