வந்து சேராத பார்சல்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பாடநூல்களையும் கோவில் சபைக்குப் பூசைச் சாமான்களையும் சென்னையிலிருந்து வரவழைக்கும் வேலை பல ஆண்டுகளாக என்னிடம் இருந்தது. இந்த ஆண்டு அதை இரண்டு இளைஞர்களிடம் விட்டேன். மூன்றாவது பார்சலிலேயே அவர்களில் ஒருவர் கைப்பேசியை என் முன் நீட்டி, "மாமா, ஒப்படைக்கப்பட்டது என்று போட்டிருக்கிறது, ஆனால் யார் வீட்டுக்கும் வரவில்லை" என்றார். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் அடுக்கிய ஒவ்வொன்றும் நான் ஒரு காலத்தில் செய்து பணத்தை இழந்த காரியம். அந்தத் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். வாசலைச் சுற்றிப் பார்ப்பது, வீட்டில் உள்ளவர்களை விசாரிப்பது போன்று எல்லோருக்கும் தெரிந்தவற்றை எழுதி இடத்தை நிரப்ப நான் விரும்பவில்லை.

அந்த ஒரு சொல்லை முடிவாக எடுத்துக்கொள்வது

'ஒப்படைக்கப்பட்டது' என்பது ஓர் ஊழியர் கையிலிருந்த கருவியில் பதிந்த குறிப்பு; அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. பார்சல் யாரிடம், எந்த வாசலில், எந்த நேரத்தில் கொடுக்கப்பட்டது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. ஆகவே முதலில் கேட்க வேண்டியது ஒப்படைப்புச் சான்று: பெற்றவரின் பெயர், கையொப்பம், புகைப்படம் எடுத்திருந்தால் அது, இருப்பிடப் பதிவு இருந்தால் அதுவும்.

ஒருமுறை அப்படிக் கேட்டபோது எனக்கு வந்த படத்தில் ஒரு பச்சை இரும்புக் கதவும், அதன் கீழ்க் கம்பியில் சாய்த்து வைத்த என் பார்சலும் தெரிந்தன. எங்கள் வீட்டுக் கதவு பழுப்பு நிறம். பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. பெற்றவர் பெயர் 'பிள்ளை' என்று பதிவாகியிருந்தது. எங்கள் தெருவில் பிள்ளை என்ற குடும்பப் பெயருடன் நான்கு வீடுகள் இருக்கின்றன. நாயுடுகளும் கவுண்டர்களும் முதலியார்களும் அதற்குக் குறைவில்லை. போதாக்குறைக்கு, சாட்ஸ்வொர்த் தெருக்கள் முன்பு வெறும் எண்களால் வழங்கப்பட்டுப் பின்னர் பெயர் பெற்றவை என்பதால், சென்னையில் இருப்பவர் பழைய முகவரியைப் பார்த்து எழுதிவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். அன்று பார்சல் அரை மணி நேரத்தில் கிடைத்தது. படத்தைக் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னாலேயே இருந்திருக்கும்.

காவலாளி உள்ள குடியிருப்பில் வசிப்பவர்கள் நுழைவாயில் பதிவேட்டைத் தாங்களே புரட்டிப் பார்க்க வேண்டும். இரவுக் காவலர் வாங்கி வைத்ததைப் பகல் காவலர் அறிந்திருக்கமாட்டார்.

பெறுபவரே புகாரைச் சுமந்துகொண்டு அலைவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் மைத்துனர் சென்னையிலிருந்து ஜூன் 12 அன்று 40 பாடநூல்களையும் இரண்டு பித்தளை மணிகளையும் ஒரு பெட்டியில் கட்டி அஞ்சலில் அனுப்பினார். தபால் கட்டணம் சேர்த்துச் செலவு 18,000 ரூபாய். ஜூலை 9 அன்று ஒப்படைக்கப்பட்டதாகத் திரையில் வந்தது. பெட்டி வரவில்லை. மறுநாளே தபால் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மையார் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அனுப்பியவரை அவருடைய நாட்டில் விசாரணை கேட்கச் சொல்லுங்கள்" என்றார். என்னைத் தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்தேன். இங்கே தொலைந்த பொருளுக்குச் சென்னையில் ஏன் கேட்க வேண்டும் என்பது என் வாதம். அதற்குப் பிறகு ஏழு முறை அதே கிளைக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் புதிய ஊழியர், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அதே கதை. இடையில் மைத்துனர், "நான் இங்கே புகார் எழுதிக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். "நீங்கள் சிரமப்பட வேண்டாம், நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன்" என்று பெருந்தன்மையாகப் பதில் சொன்னேன்.

அந்த அம்மையார் சொன்னதுதான் சரி. பன்னாட்டு அஞ்சல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1874 முதல் இயங்கிவரும் உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளின்படி நடக்கிறது. அனுப்பியவர் கட்டணம் செலுத்தியது தம் நாட்டு அஞ்சல் துறைக்கு. அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதும் அதுவே. அனுப்பியவர் அங்கே விசாரணை கோரினால், அந்தத் துறை பெறும் நாட்டின் துறைக்கு முறைப்படி எழுதும். அப்போதுதான் இங்கே கையொப்பமும் பதிவுகளும் தேடப்பட்டு எழுத்தில் பதில் போகும். இழப்பீடும் அனுப்பியவருக்கே உரியது. அவர் விரும்பினால் தம் உரிமையைப் பெறுபவருக்கு விட்டுக்கொடுக்கலாம். நான் கவுண்டரில் நின்று பேசிய எதுவும் இந்தப் பாதைக்குள் நுழையவே இல்லை.

இதற்குள் இன்னொரு தவறும் ஒளிந்திருந்தது. விசாரணை கோருவதற்கு ஆறு மாதக் கெடு என்று எங்கோ படித்திருந்தேன். ஜூலை 9 முதல் எண்ணி, ஜனவரி 9 வரை நாள் இருக்கிறது என்று நம்பி, ஜனவரி 3 அன்று மைத்துனரைப் புகார் கொடுக்கச் சொன்னேன். அந்த ஆறு மாதம் எண்ணப்படுவது பார்சலை அஞ்சலில் சேர்த்த நாளுக்கு மறுநாளிலிருந்து. கெடு டிசம்பர் 12 அன்றே முடிந்திருந்தது. மைத்துனர் ரசீதைத் தம் நாட்குறிப்பில் ஒட்டி அழகாக வைத்திருந்தார். அதனால் பயன் ஒன்றும் இல்லை.

தனியார் கூரியரில் கெடு இன்னும் குறுகியது. 30 நாள் என்று ஒப்பந்தத்தில் போட்டிருப்பவையும் உண்டு. அங்கேயும் கணக்கு வைத்திருப்பவர் அனுப்பியவர் என்பதால், அவர் குரலுக்கு உள்ள மதிப்பு நம் குரலுக்கு இருப்பதில்லை. ஆகவே திரையில் அந்தச் சொல்லைப் பார்த்த அன்றே, உள்ளூர் கிளைக்குப் புறப்படும் முன், அனுப்பியவருக்குச் செய்தி அனுப்புங்கள். கிளைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்சல் அங்கேயே அலமாரியில் கிடக்கலாம். ஒருமுறை போய்ப் பார்ப்பது நியாயம்தான்.

எண்ணைச் சரிபார்க்காமல் விடுவது

பன்னாட்டு அஞ்சலின் கண்காணிப்பு எண்ணில் முன்னே இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், முடிவில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் இருக்கும், இந்தியாவுக்கு ஐ.என்., தென்னாப்பிரிக்காவுக்கு இசட்.ஏ. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் அது வர வேண்டும். விடை 10 ஆனால் 0, 11 ஆனால் 5. (எங்கள் வகுப்பில் இதையே கணக்குப் பயிற்சியாகவும் கொடுத்திருக்கிறேன்.) கையால் எழுதி அனுப்பிய எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தால் பெரும்பாலும் இதிலேயே பிடிபட்டுவிடும்.

இணையத்தில் விற்கும் ஏமாற்றுக்காரர்கள் செய்வது வேறு. அதே ஊருக்குப் போன வேறொருவரின் பார்சல் எண்ணை உங்களிடம் கொடுத்து, 'டர்பனில் ஒப்படைக்கப்பட்டது' என்று காட்டிவிடுவார்கள். பதிவான எடை எவ்வளவு, அஞ்சல் குறியீடு எது என்று அஞ்சல் துறையிடமோ கூரியரிடமோ கேளுங்கள். சாட்ஸ்வொர்த்துக்கு 4092, டர்பனின் இன்னொரு பகுதியான பீனிக்ஸின் 4068 அங்கே இருந்தால் அது உங்கள் பார்சல் இல்லை.

"கூரியரைக் கேளுங்கள்" என்ற பதிலோடு திரும்புவது

உள்நாட்டுக் கடையில் வாங்கிய பொருளுக்குக் கடைக்காரர் சொல்லும் இந்தப் பதில் பொருந்தாது. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக வெளிப்படையாகச் சொல்லாதவரை, வாங்குபவர் ஏற்றுக்கொள்ளும் வரையில் பொருளின் பொறுப்பு விற்பவருடையது. கூரியரை அமர்த்தியவர் அவர். கேட்க வேண்டியவரும் அவரே. கடை இழுத்தடித்தால் வங்கி அட்டையில் செலுத்திய தொகையைத் திரும்பக் கோரலாம். அதற்கும் கெடு உண்டு என்பதால், கடைக்காரர் 'அடுத்த வாரம்' என்று சொல்லிக்கொண்டே போக இடம் கொடுக்காமல் வங்கியிடம் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் வரவில்லை என்ற உறுதிமொழிப் பத்திரத்தை வங்கி கேட்டால் காவல் நிலையத்திலேயே கட்டணமின்றிச் சான்றளித்துக் கொடுப்பார்கள்.

மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்வது

சுங்க வரிக்குப் பயந்து 'பரிசு, 500 ரூபாய்' என்று எழுதிய பெட்டிக்கு 18,000 கேட்க முடியாது.

தொலைபேசியில் மட்டும் பேசுவது

எழுதுங்கள். புகார் எண்ணை வாங்குங்கள்.

பார்சலை விடுவிக்கச் சில ரேண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) கட்டச் சொல்லும் குறுஞ்செய்தியை நம்புவது

பார்சலைத் தேடிக்கொண்டிருப்பவர் கண்ணில்தான் இது உண்மையாகத் தெரியும். அதிலுள்ள இணைப்பை அழுத்தாதீர்கள்.

பக்கத்து வீட்டாரைக் குற்றம் சாட்டுவது

வேண்டாம்.

தாமதமாக வந்ததை மறைத்துவிடுவது

இழப்பீடு வாங்கிய பிறகும் பார்சல் வந்து சேரலாம். அஞ்சல் விதிப்படி, கண்டெடுக்கப்பட்ட பொருள் மூன்று மாதம் வரை வைக்கப்பட்டிருக்கும். இழப்பீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதைப் பெற்றுக்கொள்ளலாம். தேவையில்லையென்றால் பணத்தையே வைத்துக்கொள்ளலாம். கோவில் சபைக்கு வர வேண்டிய பெட்டி ஒன்று பதினொரு மாதம் கழித்து இப்படி வந்தது. கற்பூரப் பொட்டலங்களும் குங்குமமும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு அடியில் இருந்த இருபத்தைந்து தினசரி நாட்காட்டிகளில் கிழிப்பதற்கு ஒரு மாதத் தாள்தான் மீதி இருந்தது.