கடலோடு போன கடற்படை அதிகாரிக்கு நினைவு செலுத்தும் முறை

போரில் கடலில் மறைந்தவருக்குக் கல்லறை கிடையாது. அதனால் அவர் பெயர், பதவி, கப்பல், நாள், இடம் ஐந்தும் பிசகாமல் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் வேறொருவருக்கு மலர் வைத்ததாகிவிடும்.

1942 ஏப்ரல் 9-ஐ எடுத்துக்கொள்வோம். அன்று முற்பகல் மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அதன் விமானங்கள் கரையில் நின்றதால் காக்க ஆளில்லை. கேப்டன் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். துணைக்கு வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் மூழ்கியது. அதன் தளபதி மோரனும் மீளவில்லை.

முதலில் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் குடும்பப் பெயரையும் இறந்த நாளையும் மட்டும் இட்டுத் தேடுங்கள். பதவியை இட்டுத் தேடினால் பலர் விடுபடுவார்கள். தற்காலிகப் பதவி உயர்வுகள் அங்கே ஒரே மாதிரி பதிவாகவில்லை. மாலுமிகளின் எண்ணுக்கு முன்னால் தாய்த்துறைமுகத்தின் எழுத்து இருக்கும், அதை வைத்தே நினைவுச்சின்னத்தை ஊகிக்கலாம். அதிகாரிகளுக்கு அந்த வசதி இல்லை. பிளிமத், போர்ட்ஸ்மத், சாட்டம் ஆகிய மூன்று தாய்த்துறைமுகங்களின் நினைவுச்சின்னங்களிலும் பார்த்தாக வேண்டும். கடற்படை விமானப் பிரிவினர் லீ-ஆன்-சோலென்ட்டில் இருப்பார்கள். ஆஸ்திரேலியர்கள் பிளிமத்தில், கனடியர்கள் ஹாலிஃபாக்ஸில். இந்தியக் கடற்படையினரின் பெயர்கள் நினைவேட்டில் எழுதப்பட்டவை. அவற்றைக் கல்லில் தேடி ஏமாற வேண்டாம்.

நினைவுச்சின்னத்தில் அவர் பெயர் உள்ள பலகையின் எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு படம் எடுங்கள். வெண்கலத்தில் ஃபிளாஷ் பட்டால் எழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டு வெயில் விழும் நேரம்தான் நல்லது.

கப்பலின் தினப்பதிவேடு கப்பலோடே போயிருக்கும். காணாமல் போனவர் பற்றிய விசாரணைக் கோப்புகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.டி.எம். 358 தொகுப்பில் உள்ளன; தப்பியவர்களின் சாட்சியம் அவற்றில் கிடைக்கலாம். பதவியைப் போர்க்கால நேவி லிஸ்ட் (பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளின் பட்டியல்) நூல்களோடு ஒப்பிடுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாகவே தருகிறது.

கடலில் மலர் விடுவதாக இருந்தால், வைக்கோலை முறுக்கி ஒன்றரை அடி அகல வளையமாக்கி, வாழைநாரால் பூவும் இலையும் கட்டுங்கள். கம்பி, பிளாஸ்டிக், ரிப்பன் எதுவும் ஆகாது. கடலில் மட்காது, ஆமைகளும் விழுங்கும். கிழக்குக் கரைக் கடல் ஏப்ரலில் பெரும்பாலும் அமைதியாக இருந்தாலும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

இடம் சேர்ந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, அவர் பதவி, முழுப்பெயர், கப்பல், நாள் இவற்றை உரக்க வாசியுங்கள். இரண்டு நிமிட மௌனத்துக்குப் பின் வளையத்தைக் காற்று வரும் பக்கமாகக் கையால் இறக்குங்கள். வள்ளம் வளையத்தைவிட வேகமாகக் காற்றோடு நகரும். மறுபக்கம் இறக்கினால் வள்ளமே அதன்மேல் ஏறிவிடும். உதிரிப் பூக்களுக்கு இது நேர்மாறு. அவற்றைக் காற்று போகும் பக்கம் தூவாவிட்டால் முகத்திலேயே வந்து விழும்.

ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். ஆகவே நினைவுப் பலகை வைக்கிறோம் என்று பயிற்சியில்லாதவர்கள் இறங்கக் கூடாது. பயிற்சி பெற்றவர்களும் அங்கிருந்து ஒரு திருகாணியைக்கூட எடுக்கக் கூடாது. அதிலிருந்தவர்களுக்கு அதுவே கல்லறை.