மூச்சுக்குழாய் செல்லில் மரபணு சுவிட்சுகளைத் தேடுவது எப்படி?

சிஎஃப்டிஆர் மரபணு நம் உடலின் ஏறக்குறைய எல்லா செல்லிலும் இருக்கிறது. வேலை செய்வதோ மூச்சுக்குழாய், குடல், கணையம் என்று சில இடங்களில்தான். (இது பழுதானால் வருவதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்.) எங்கே முடுக்குவது, எங்கே அடக்குவது என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ துண்டுகளே மரபணு சுவிட்சுகள்; அவற்றில் முக்கியமானவை என்ஹான்சர்கள். அவற்றைத் தேட ஏடாக்-செக் என்ற முறையைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஆய்வக வசதி இல்லாதவர்கள் என்கோட் என்ற பொது மரபணுத் தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவை இறக்கிக்கொண்டு நேராக மூன்றாம் படிக்குப் போங்கள்.

படி 1: செல்லைத் தேர்ந்தெடுங்கள்

பாதி வெற்றி இங்கேதான். 16எச்பிஇ, காலு-3 போன்ற செல் வரிசைகள் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல்கள்) வளர்க்க எளிது; பழகுவதற்குப் போதும். ஆனால் உண்மையான மூச்சுக்குழாய்ச் சுவர் வேண்டுமென்றால், மனிதரிடமிருந்து எடுத்த அடித்தள செல்களை நுண்துளைச் சவ்வின் மேல் வளர்த்து, சவ்வு நிரம்பியதும் மேலுள்ள வளர்ப்புத் திரவத்தை எடுத்துவிட வேண்டும். கீழே உணவு, மேலே காற்று. மூன்று நான்கு வாரத்தில் குற்றிழை (மயிர் போன்ற நுண்ணிழை) உள்ள செல்லும் சளி சுரக்கும் செல்லும் உருவாகிவிடும். மைக்ரோஸ்கோப்பில் குற்றிழைகள் துடிப்பதைப் பார்க்கும்போது வேலை மறந்துவிடும்! செல்லை எடுக்கும் முன் சளியை நன்றாகக் கழுவுங்கள்.

படி 2: திறந்திருக்கும் இடத்தை வெட்டுங்கள்

டிஎன்ஏ பெரும்பாலும் ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றப்பட்டிருக்கும். வேலையில் இருக்கும் சுவிட்சோ பிரிந்து திறந்து கிடக்கும். டிஎன்5 என்ற நொதி அப்படித் திறந்த இடத்தில்தான் எளிதாக நுழைந்து வெட்டும். வெட்டிய முனையிலேயே அடாப்டரையும் (பின்னால் துண்டைப் படிக்க உதவும் சிறு டிஎன்ஏ) ஒட்டிவிடும். 2013-இல் ஸ்டான்ஃபோர்டு குழு வெளியிட்ட உத்தி இது. 50,000 செல் போதும். பனிக்கட்டியில் வைத்து செல் சவ்வைக் கரைத்து, உட்கருவை எடுத்து, நொதி சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம். பிறகு பிசிஆர் (துண்டுகளை நகலெடுத்துப் பெருக்குவது), சீக்வென்சிங் (எழுத்து வரிசையைப் படிப்பது). செத்த செல் அதிகம் இருந்தால் நொதி கண்ட இடத்தில் வெட்டி, பின்னணி இரைச்சல் ஏறிவிடும்.

படி 3: தரவைச் சுத்தம் செய்யுங்கள்

படித்த துண்டுகளை ஜிஆர்சிஎச்38 என்ற மனித மரபணுத்தொகுதிப் பதிப்போடு பௌடை2 மென்பொருள் கொண்டு பொருத்துங்கள். மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வந்தவற்றையும் பிசிஆர் நகல்களையும் நீக்குங்கள். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் ஹிஸ்டோன் இல்லை, அதனால் நொதிக்கு அது கொண்டாட்டம்.

அடுத்து துண்டுகளின் நீளத்தை வரைபடமாகப் போடுங்கள். 100 டிஎன்ஏ எழுத்துக்குக் கீழே ஒரு மேடு, 200 பக்கத்தில் இன்னொன்று என்று படிக்கட்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு செல்லைச் சரிபாருங்கள். மேலே போவது வீண்.

படி 4: மேடுகளைக் குறியுங்கள்

மரபணுத்தொகுதியில் துண்டுகள் குவிந்து மேடாகத் தெரியும் இடமே திறந்த இடம். மேக்ஸ்2 என்ற மென்பொருள் அவற்றைக் குறித்துத் தரும். ஒரு மாதிரியை மட்டும் நம்பாதீர்கள். குறைந்தது இரண்டிலும் வரும் மேட்டை மட்டும் எடுங்கள்.

படி 5: கண்ணால் பாருங்கள்

தரவை மரபணுத்தொகுதியின் மேல் படமாகக் காட்டும் ஐஜிவி மென்பொருளைத் திறந்து 7-ஆம் குரோமோசோமில் சிஎஃப்டிஆருக்குப் போங்கள். மரபணு தொடங்குவதற்கு 35,000, 44,000 எழுத்து முன்னால் மூச்சுக்குழாய் செல்லில் மேடுகள் எழும். குடல் செல்லில் கதையே வேறு: அங்கே என்ஹான்சர்கள் மரபணுவுக்கு உள்ளேயே, முதலாம், பதினோராம் இன்ட்ரான்களில் (புரதக் குறியீடு இல்லாத இடைத்துண்டுகளில்) இருக்கின்றன.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். மேட்டுக்குப் பக்கத்து மரபணுவைத் தானாகச் சொல்லும் மென்பொருளிடம் அந்த 35,000 மேட்டைக் கொடுத்தால், அது ஏஎஸ்இசட்1-ஐக் காட்டும். அதன் தொடக்கம் அங்கிருந்து சுமார் 17,000 எழுத்துத் தூரம்தான்; சிஎஃப்டிஆரோ இரு மடங்கு தள்ளி. ஆனால் ஏஎஸ்இசட்1 இனப்பெருக்க செல்களில் வேலை செய்யும் மரபணு. மூச்சுக்குழாயில் அதற்கு என்ன வேலை? டிஎன்ஏ வளைந்து மடங்குவதால் தூரத்திலிருப்பது பக்கத்தில் வந்துவிடுகிறது. அந்த மடிப்பைக் காட்ட ஹை-சி, 4சி போன்ற சோதனைகள் உண்டு.

படி 6: நிரூபியுங்கள்

திறந்த கதவெல்லாம் சுவிட்சு அல்ல. எல்லைக் காவலாக நிற்கும் சிடிசிஎஃப் புரதம் உட்கார்ந்த இடமும் திறந்தே இருக்கும். வேலையில் இருக்கும் என்ஹான்சரின் ஹிஸ்டோனில் காணப்படும் எச்3கே27ஏசி என்ற வேதிக் குறியும் சேர்ந்திருந்தால் நம்பிக்கை கூடும். உறுதி வேண்டுமென்றால் டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கொண்டு அந்தத் துண்டை வெட்டியெடுத்து, மரபணுவின் ஆர்என்ஏ குறைகிறதா என்று அளக்க வேண்டும். 16எச்பிஇ செல்லில் சிஎஃப்டிஆரின் முன்பக்கத் துண்டுகளை இப்படி வெட்டியெடுத்துச் சோதித்திருக்கிறார்கள்; ஆர்என்ஏ குறைந்தது.