உப்புக்காற்றுக் கரையில் மினி கன்சோல்: வாங்குவதும் காப்பதும்

கீழக்கரையில் டிவி, செல்போன் பழுது பார்க்கிறேன். சில காலமாக என் மேசைக்கு மினி கன்சோல்களும் வருகின்றன: பழைய விளையாட்டுகளை உள்ளேயே பதித்து, டிவியில் மாட்டி ஆடும் உள்ளங்கையளவு வீடியோ கேம் பெட்டிகள். துபாயில் இருக்கும் காக்காவிடமோ சிங்கப்பூரில் இருக்கும் மச்சானிடமோ சொல்லிவைத்து வாங்கியவை. சிறு வயதில் கேசட் செருகி மரியோ ஆடியவர்கள்தான் இவற்றுக்கு அலைகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் வாங்கும்போது ஏமாறுகிறார்கள், மீதிப்பேர் வாங்கியதைக் கடற்காற்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் அவசரப்படாதீர்கள். குறைந்த எண்ணிக்கையில் வந்த பொருள், இப்போது விட்டால் கிடைக்காது என்று சொல்பவர் பெரும்பாலும் விற்பவராகவே இருப்பார். நிண்டெண்டோவின் என்.இ.எஸ். கிளாசிக் 2016 நவம்பரில் வந்தது. 2017 ஏப்ரலில் நிறுத்தப்போவதாக அறிவித்ததும் மறுவிற்பனை விலை எகிறியது. 2018 ஜூனில் அதே பெட்டி மறுபடியும் கடைகளுக்கு வந்தபோது, அந்த விலை கொடுத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். சோனியின் பிளேஸ்டேஷன் கிளாசிக் 2018 டிசம்பரில் 99.99 டாலருக்கு வந்து, அந்த மாதம் முடிவதற்குள் 59.99 டாலருக்கு இறங்கியது. அதற்கும் காரணம் உண்டு. உள்ளே இருக்கும் 20 விளையாட்டுகளில் சில, ஐரோப்பாவுக்கென்று வந்த 50 ஹெர்ட்ஸ் வடிவங்கள், அதாவது மற்ற ஊர்களின் 60 ஹெர்ட்ஸ் வடிவங்களைவிட மெதுவாக நகர்பவை. டெக்கென் 3 அதில் ஒன்று. சண்டை விளையாட்டு மந்தமாக நகர்ந்தால் யாருக்குப் பிடிக்கும்?

என்னிடம் கேட்டால் நிண்டெண்டோவின் அடுத்த பெட்டியான எஸ்.என்.இ.எஸ். கிளாசிக்கைத்தான் சொல்வேன். 2017 செப்டம்பரில் வந்தது, 21 விளையாட்டுகள். தொண்ணூறுகளில் உருவாக்கி வெளியிடாமலே கிடப்பில் போட்ட ஸ்டார் ஃபாக்ஸ் 2 இதில்தான் முதன்முதலாக வெளிவந்தது. முதல் ஸ்டார் ஃபாக்ஸின் முதல் கட்டத்தை முடித்தால்தான் அது திறக்கும். பெட்டியில் கோளாறு என்று நினைத்து என்னிடம் தூக்கி வராதீர்கள். அடுத்தது 2019-இல் வந்த சேகா மெகா டிரைவ் மினி, 42 விளையாட்டுகள். ஜப்பானிலிருந்து யாராவது ஃபாமிகாம் மினி (என்.இ.எஸ். கிளாசிக்கின் ஜப்பான் வடிவம்) வாங்கி வருவதாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அதன் கைப்பிடிகளும் (கன்ட்ரோலர்) பெட்டிக்கு ஏற்ப மினியாகவே இருக்கும், கழற்றவும் முடியாது. பெரியவர் விரலுக்கு அது சரிப்படாது.

போலியைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. அசல் என்.இ.எஸ். கிளாசிக்கில் 30 விளையாட்டுகள்தான். 620 என்று அட்டையில் போட்டிருந்தால் அது போலி. பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளையும் மைக்ரோ யு.எஸ்.பி. துளையும் மட்டும் இருக்க வேண்டும். பழைய டிவிக்கான சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏ.வி. துளைகள் இருந்தால் கையில் வாங்காமலே திருப்பிக் கொடுங்கள். வாங்கி வருபவரிடம் கடை முன்னால் நின்று பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது நல்லது. பில்லையும் பெட்டியோடு வைக்கச் சொல்லுங்கள், விமான நிலையச் சுங்கத்தில் கேட்பார்கள்.

ஐரோப்பா, ஜப்பான் பதிப்புகளில் அடாப்டர் வராது. 5 வோல்ட், 1 ஆம்பியர் தரும் நல்ல செல்போன் சார்ஜர் போதும். பவர் பேங்கிலும் ஓடும். ஆனால் கரண்ட் போனால் டிவி அணைந்துவிடும் என்பதால் டிவியை இன்வெர்ட்டரில் மாட்டியிருந்தால்தான் அதில் பயன். எப்படியானாலும் நிண்டெண்டோ பெட்டிகளில் ரீசெட் பொத்தானை அழுத்தி, பட்டியலுக்கு வந்து, ஆட்டத்தைச் சேமிப்பு இடத்தில் பூட்டி வையுங்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் நான்கு இடங்கள் உண்டு. டிவி அமைப்புகளில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நீங்கள் அழுத்தி முடித்து, பள்ளத்தில் விழுந்த பிறகு மரியோ குதிப்பார்.

இனி உப்பு. மேசைக்கு வரும் பெட்டிகளில் சில்லு கெட்டது அபூர்வம். எச்.டி.எம்.ஐ. துளை பச்சைப் பூத்தும், கைப்பிடிச் செருகி கறுத்தும்தான் வருகின்றன. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீரை இழுத்துக் கரையும். ஆனால் கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது ஏறத்தாழ 33 சதவீதத்திலேயே கசிந்துவிடும். அதனால் நம் கரையில் ஒரு தடவை படிந்த உப்பு கோடையிலும் முழுதாகக் காய்வதில்லை. வாலிநோக்கத்து உப்பு அடுக்களை ஜாடியில் கசிந்து நிற்பதை உம்மா திட்டித் தீர்ப்பாரே, அதே வேலைதான் உங்கள் செருகியிலும் நடக்கிறது.

இங்கே பலரும் செய்வது, ஸ்பிரிட்டை நனைத்து ஒரு துடைப்பு. ஆல்கஹாலில் உப்பு ஏறக்குறைய கரையவே கரையாது. துடைப்பு அதை இடம் மாற்றி வைக்கும், அவ்வளவுதான். முதலில் மின் இணைப்பைக் கழற்றுங்கள். பேட்டரிக்கு ஊற்ற பெட்ரோல் பங்கில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சுக்குச்சியை நனைத்து, பிழிந்து, செருகிகளின் உலோகத்தைத் துடையுங்கள். அதன் பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் மிச்ச ஈரத்தை அது எடுத்துக்கொண்டு போய்விடும். முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டவும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், நம் ஊர்த் தண்ணீரிலேயே உப்பு உண்டு.

ஆடி முடித்ததும் ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஆரஞ்சு நிற மணிகளை வாங்குங்கள், ஈரம் ஏறினால் பச்சையாகும். நீல மணிகளில் கோபால்ட் இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். பச்சையானதைச் சமையலுக்கு எடுக்காத வாணலியில் சிறு தீயில் வறுத்தால் நிறம் திரும்பும். வெயிலில் காய வைப்பது இங்கே பலிக்காது, கடற்காற்றில் அது இன்னும் ஈரத்தைத்தான் குடிக்கும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் தெற்கு ஜன்னல் பக்கம் டிவி மேசையைப் போடாதீர்கள். துளைகளுக்கு ரப்பர் மூடிகள் சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன.

பெட்டியைப் பிரிக்காமலே வைத்து, விலை ஏறியதும் விற்கலாம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அட்டை ஈரத்தைக் குடித்து ஊதும், உள்ளே செருகி கறுப்பது கண்ணுக்கும் தெரியாது. பிரித்து, ஓட்டிப் பார்த்து, ஆடுங்கள். அதற்கு மனம் வராவிட்டால் மதுரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டைப் பிடித்து, அவர்கள் அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள்.